ரத்த அழுத்தக் கணக்கை எங்கே எழுதுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"ஒரு வாரம் காலையும் மாலையும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினால், வீடு போய்ச் சேர்வதற்குள்ளாகவே பலரும் கைபேசியில் செயலி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வரிசையாக வந்து நிற்பவற்றில் அநேகமாக எல்லாவற்றுக்கும் நான்கு நட்சத்திரத்துக்கு மேல் இருக்கும். முகப்பில் ஒரு சிவப்பு இதயமும் இருக்கும். அந்த நட்சத்திரங்களைக் கொண்டு தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பல செயலிகள் பதிவிறக்கிய சில நாட்களுக்குள்ளேயே மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து மருத்துவரின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தச் செயலி கைகொடுத்ததா என்பது அந்த மதிப்பெண்ணில் ஏறுவதில்லை.

நாள்பட்ட நோயோடு வாழ்கிறவரையும், அப்படிப்பட்ட ஒருவரைக் கவனித்துக்கொள்கிறவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஓட்டப் பயிற்சிக்குச் செயலி தேடுகிறவர் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தினசரி மாத்திரை என்று வரும்போது நம் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன: காகித நோட்டுப்புத்தகம், கைபேசியோடு சேர்ந்தே வரும் உடல்நலப் பெட்டகம், ஒரே வேலைக்கென்று உருவான சிறு செயலி, நடை முதல் உறக்கம் வரை எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் பெருஞ்செயலி, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் சொந்தச் செயலி. வசதிகளை எண்ணி ஒப்பிட்டால் பெருஞ்செயலிதான் எப்போதும் வெல்லும். நான் வேறோர் அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். உள்ளே போட்ட கணக்கு, தேவைப்படும் நாளில், தேவைப்படுகிறவர் கைக்கு, அவர் படிக்கக்கூடிய வடிவில் வந்து சேர்கிறதா என்பதே அது. அதற்கு முன்பாக, கணக்கை உள்ளே போடும் பழக்கம் ஒரு மாதமாவது நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மனநலச் செயலிகளின் பயன்பாட்டைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நிறுவியவர்களுள் 15-ஆம் நாளில் தொடர்ந்தவர்கள் இடைநிலையாக 3.9 சதவீதம், 30-ஆம் நாளில் 3.3 சதவீதம் மட்டுமே. மற்ற வகைச் செயலிகளுக்கு இதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆர்வத்தோடு நிறுவிவிட்டு மறந்துபோன செயலிகள் யாருடைய கைபேசியில்தான் இல்லை?

முதலில் நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற நான்கும் தம்மை அதற்கு மேலானவை என்று நிரூபிக்க வேண்டியவை. அதற்குக் கடவுச்சொல் இல்லை, மின்னேற்றம் தீர்வதில்லை, புதிய பதிப்பு வந்து பொத்தான்கள் இடம் மாறுவதில்லை. அழுத்தமானியின் பக்கத்திலேயே கிடந்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டில் அளப்பதற்கு ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்லும் முறைப்படி, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஏழு நாள் அளந்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுத்தால், கணக்கில் சேர்பவை 24 அளவீடுகள்தாம். இவை ஒரே பக்கத்தில் அடங்கும். மருத்துவரின் கண் ஒரு தடவை மேலிருந்து கீழே ஓடினால் போதும். எந்தச் செயலியின் வண்ண வரைபடமும் இந்த வேகத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அதன் குறை எழுதுகிறவரிடம் இருக்கிறது. நாள்பட்ட வலியுள்ளவர்களிடம் நாட்குறிப்பு கொடுத்து, அது எப்போது திறக்கப்படுகிறது என்பதை ஒளி உணரி ஒன்றால் ரகசியமாகப் பதிவு செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டிய பதிவுகள் 90 சதவீதம். உண்மையில் அந்த நேரத்தில் எழுதியவை 11 சதவீதம். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தைய இரவில், ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், ஒரு மாதக் கணக்கும் நிரம்பிவிடுவதை நம் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, கையால் எழுதும்போது எண்கள் உருண்டுவிடும்: 138 என்று காட்டியது 140 ஆகும், மனம் இளகியிருந்தால் 130 ஆகும். மருந்தின் அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்ற முடிவு அந்த எல்லையில் நிற்கும்போது இது சிறிய விஷயமல்ல. ஆறு மாதப் போக்கைப் பார்க்க வேண்டும் என்றாலும் நோட்டுப்புத்தகம் தடுமாறும்.

அழுத்தமானியிலிருந்து புளூடூத் வழியாக எண் தானாகவே கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தால் இந்த இரண்டு குறைகளும் ஒரே அடியில் தீர்கின்றன. நேரமும் எண்ணும் யாருடைய கையும் படாமல் பதிவாகின்றன. செயலி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான். புளூடூத் இல்லாமல் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் செயலியும் விலை கூடிய நோட்டுப்புத்தகமே, ஒரு வேறுபாட்டுடன்: திறப்பது, சேர் என்ற பொத்தானைத் தேடுவது, எண் இடுவது, தேதியை உறுதி செய்வது, சேமிப்பது என்று ஒரு பதிவுக்குப் பத்துத் தொடுதல்கள் ஆகிவிடலாம். எனவே நிறுவிய முதல் நாளே தொடுதல்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஐந்தைத் தாண்டினால் அந்தப் பழக்கம் இரண்டாவது வாரத்தைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

கைபேசியோடு வரும் பெட்டகங்கள் இரண்டு. ஆப்பிளின் ஹெல்த் 2014-இல் வந்தது. கூகுளின் ஹெல்த் கனெக்ட், 2023-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14 முதல் இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. ஹெல்த் கனெக்டை ஒரு செயலி என்று சொல்வதைவிட, வெவ்வேறு செயலிகள் தம் கணக்கைக் கொண்டுவந்து வைக்கும் பொது அலமாரி என்பதே சரி. எந்தச் செயலி எதைப் படிக்கலாம், எதை எழுதலாம் என்பதை உரிமையாளர் தனித்தனியாக அனுமதிக்கலாம், பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். கணக்கு கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தமானிக்கு ஒரு செயலி, கைக்கடிகாரத்துக்கு ஒரு செயலி, எடை பார்க்கும் கருவிக்கு ஒரு செயலி என்று சிதறிப்போகும் எண்கள் ஓரிடத்தில் சேர்வது பெரிய நன்மை. நாளை அந்தச் செயலிகளில் ஒன்றை மாற்றினாலும் பழைய எண்கள் அலமாரியில் இருக்கும்.

ஆனால் வெளியே எடுக்கும்போதுதான் இவை சோதிக்கின்றன. ஆப்பிள் ஹெல்த்தில் எல்லாவற்றையும் எடு என்று கேட்டால், ஆண்டுக்கணக்கான நடை, நாடித்துடிப்பு எல்லாம் கலந்த ஒரு பெரிய எக்ஸ்.எம்.எல். கோப்பு வருகிறது, கணினி படிக்கும், மருத்துவர் படிக்கமாட்டார். ஒரு நிறுவனத்தின் கைபேசியை விட்டு மற்றதற்கு மாறுகிறவருக்கு இரண்டு பெட்டகங்களுக்கும் இடையில் நேரான வழி கிடையாது. ஆகவே பெட்டகத்தைச் சேமிக்கும் இடமாகக் கொள்ளலாம், காட்டும் இடமாகக் கொள்ள முடியாது.

காட்டுவதற்கும் நினைவூட்டுவதற்கும் சிறு செயலிகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயனாளரின் உண்மையான தேவை எது என்பது இங்கேதான் வெளிப்படுகிறது.

மாத்திரை நினைவூட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ள 411 பேரிடம் 12 வாரம் நடந்து 2018-இல் வெளியான ஒரு சோதனையில், செயலியைப் பயன்படுத்தியவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டதாகச் சொன்ன அளவு சிறிது கூடியது; ரத்த அழுத்தத்தில் மற்றவர்களோடு வேறுபாடு தெரியவில்லை. இதைக் கொண்டு செயலி வீண் என்று நான் முடிவு கட்டவில்லை. மறதியால் விட்டுப்போகும் மாத்திரையைத்தான் மணியோசை மீட்டுத் தரும். தலைசுற்றுகிறது என்று தானாகவே நிறுத்தியவருக்கும், மருந்து தீர்ந்து வாங்காமல் இருப்பவருக்கும், இத்தனை மாத்திரை எதற்கு என்று சலித்துப்போனவருக்கும் மணி அடிப்பது வெறும் தொந்தரவு. விட்டுப்போவது மறதியாலா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் மட்டுமே இந்த வகைச் செயலி தேவை.

தேவை என்றான பின் பார்க்க வேண்டியது, மருந்துச் சீட்டில் உள்ளதை உள்ளபடியே அந்தச் செயலி ஏற்றுக்கொள்கிறதா என்பது. தினமும் ஒன்று, இரண்டு என்பதை எல்லாச் செயலிகளும் ஏற்கும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து நாள் மூன்று மாத்திரை பிறகு ஐந்து நாள் இரண்டு என்று படிப்படியாகக் குறைப்பது, வலி இருந்தால் மட்டும் என்பவற்றில்தான் குட்டு வெளிப்படும். மூட்டுவாத நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைத் தவறுதலாகத் தினமும் எடுத்து உயிருக்கே ஆபத்து நேர்வது மருத்துவ உலகம் நெடுங்காலமாக எச்சரித்துவரும் பிழை. வார அட்டவணையைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாத செயலியை இப்படிப்பட்ட மருந்து உள்ளவர் தொடவே கூடாது. "எடுத்தேன்", "எடுக்கவில்லை" என்ற இரண்டு பொத்தான்கள் மட்டும் இருப்பதும் போதாது. "தாமதமாக எடுத்தேன்", "மருத்துவர் நிறுத்தச் சொன்னார்" என்பவற்றுக்கும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவர் நிறுத்திய மாத்திரைக்காகச் செயலி வாரக்கணக்கில் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் மின்கலத்தைச் சேமிப்பதற்காக, பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. என் தாயாரின் கைபேசியில் நிறுவிக்கொடுத்த நினைவூட்டல் நான்கு நாள் ஒழுங்காக அடித்துவிட்டு ஐந்தாம் நாள் ஓய்ந்துபோனது. அவரோ, மணி அடிக்கவில்லை, ஆகவே நேரம் ஆகவில்லை என்று நம்பிக் காத்திருந்தார். செயலி இல்லாத காலத்தில் சாப்பாடு முடிந்ததும் மாத்திரை டப்பாவை எடுக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதை நான்தான் கெடுத்தேன். மின்கலச் சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு அளித்தபின் சரியாயிற்று. இப்போது மணி அடிப்பதும் டப்பாவும் இரண்டுமே உண்டு.

சர்க்கரைக் கணக்குச் செயலியில் கவனிக்க வேண்டியவை வேறு. உலகில் சர்க்கரையை இரண்டு அலகுகளில் சொல்கிறார்கள்: டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது ஒன்று, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பது மற்றது. இரண்டாவதை 18-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய முதலாவது கிடைக்கும். 7 என்பதும் 126 என்பதும் ஒரே அளவு. அலகை மாற்ற முடியாத செயலியோ, மாற்றினால் பழைய எண்களை அப்படியே விட்டுவிட்டு அலகின் பெயரை மட்டும் மாற்றும் செயலியோ பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதும் கூட. வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்ற குறிப்பு இல்லாத சர்க்கரை எண்ணுக்குப் பாதிப் பொருள்தான் உண்டு. ஆகவே அந்தக் குறிப்பை ஒரே தொடுதலில் இட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கை ஒரு பக்கப் பி.டி.எஃப். ஆகவும், கணினியில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. ஆகவும் வெளியே எடுக்க முடிய வேண்டும். சில செயலிகளில் எழுதுவது இலவசம், எழுதியதை எடுப்பதற்குச் சந்தா. கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு வருடம் எழுதிய பிறகுதான் அது தெரியவருகிறது என்பதில்தான் ஆட்சேபம்.

பெருஞ்செயலிகளை விரைவாகவே கடந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவற்றின் பலம் ஊக்கம்: நடை, நீர், உறக்கம், கலோரி எல்லாவற்றுக்கும் ஒரு வளையம், ஒரு பதக்கம். அந்த இலக்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சிரிப்பு வரும். தினம் 10,000 அடி என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணியின் பெயரிலிருந்து பரவிய எண். வயது முதிர்ந்த பெண்களைப் பற்றி 2019-இல் வந்த ஓர் ஆய்வில், நடை கூடக் கூட இறப்பு விகிதம் குறைந்து, சுமார் 7,500 அடிகளோடு அந்தக் குறைவு நின்றுவிட்டது. முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு மாலை ஏழு மணிக்கு "இன்னும் 6,000 அடி பாக்கி" என்று அறிவிப்பு அனுப்பும் செயலிக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்?

பெருஞ்செயலிகளில் உண்மையான கவலை கணக்கு எங்கே போகிறது என்பது. உணவும் கலோரியும் கணக்கெடுக்கும் மைஃபிட்னஸ்பால் செயலியிலிருந்து 2018-இல் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல், மறையாக்கப்பட்ட கடவுச்சொல் ஆகியவை திருடப்பட்டன. அது திருட்டு. மாதவிடாய்க் கணக்குக்கான ஃப்ளோ செயலியின் விவகாரம் வேறு மாதிரியானது: தனிப்பட்ட தகவலைப் பாதுகாப்பதாகப் பயனாளர்களிடம் சொல்லிவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அனுப்பியது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-இல் அந்த நிறுவனத்துடன் சமரச உடன்பாட்டுக்கு வந்தது. மருத்துவமனையில் சொன்ன ரகசியத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு செயலியில் எழுதிய ரகசியத்துக்கும் உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. நாமே பதிவிறக்கிக்கொள்ளும் செயலிகளில் பெரும்பாலானவை அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது. தன் தகவலை எடுத்துச் செல்லும் உரிமையையும் தருகிறது. சட்டம் எதுவாயினும் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு: ரத்த அழுத்தம் எழுதுவதற்கான செயலி தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்டால், அனுமதி மறுத்துப் பாருங்கள். மறுத்தபின் வேலை செய்ய மாட்டேன் என்று அது அடம் பிடித்தால் காரணம் ரத்த அழுத்தம் அன்று. கணக்குத் திறக்காமலே பயன்படுத்த முடிகிறதா என்பதும் இதே வகைச் சோதனைதான்.

இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே சேர்க்கக் கூடாத ஒரு வகையும் செயலிக் கடையில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். கையில் கட்டும் பட்டையும் இல்லை, கருவியும் இல்லை, கைபேசியே ரத்த அழுத்தத்தை அளந்துவிடும் என்று சொன்ன ஒரு செயலி 2014 நடுவிலிருந்து ஓராண்டுக்கு மேல் நன்றாக விற்பனையானது. 2016-இல் அதைச் சோதித்தபோது, உயர் ரத்த அழுத்தம் காட்டியிருக்க வேண்டிய ஐந்து அளவீடுகளில் ஏறக்குறைய நான்கில், அழுத்தம் உயர்வாக இல்லை என்றே அது காட்டியிருந்தது. மச்சத்தைப் படமெடுத்தால் புற்றுநோயா என்று சொல்லும் நான்கு செயலிகளை 2013-இல் சோதித்ததில், மூன்று செயலிகள் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்களில் 30 சதவீதத்தையோ அதற்கு மேலோ கவலைப்பட வேண்டாதவை என்று தள்ளின. விரலைக் கேமராவில் வைத்து நாடித்துடிப்பைக் கணிப்பது ஓரளவு நம்பத்தக்கது. ரத்த அழுத்தத்துக்குக் கையில் பட்டை கட்டும் கருவிதான் வேண்டும், அந்தக் கருவியும் துல்லியச் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும். தேறிய கருவிகளின் பட்டியலை ஸ்ட்ரைட் பி.பி. போன்ற அமைப்புகள் வெளியிடுகின்றன. கையில் உள்ள பணத்தைச் செயலியின் சந்தாவுக்குக் கொடுப்பதா, நல்ல கருவிக்கா என்றால் தயங்காமல் கருவிக்கே கொடுக்கலாம்.

மருத்துவமனையின் சொந்தச் செயலியில், மற்ற எதிலும் இல்லாத ஒன்று இருக்கிறது: பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டும் நாம் தட்டச்சு செய்யாமலே வந்து சேர்கின்றன. அவற்றுக்கு அது தேவைதான். ஆனால் வீட்டில் அளந்த எண்ணை அதில் இட்டால் அது மருத்துவரின் திரைக்குப் போகிறதா என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; போவதாகச் செயலி சொல்வதை மட்டும் நம்பி இரண்டு மாதம் எழுதிவிடக் கூடாது. இதயத்துக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம், சிறுநீரகத்துக்கு ஓரிடம் என்று போகிறவருக்கு மூன்று செயலிகள் ஆகும். ஒன்றில் உள்ளது மற்றதற்குத் தெரியாது. நோயாளியின் பிள்ளைகள் வேறு ஊரில் இருந்து கவனித்துக்கொள்ளும் குடும்பங்களில் கடவுச்சொல்லையே பகிர்ந்துகொள்வதுதான் நடக்கிறது. கவனித்துக்கொள்கிறவருக்கென்று தனி நுழைவு தரும் செயலி கிடைத்தால், வேறு குறைகள் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

எந்தச் செயலியும் மூடப்படலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரிய நிறுவனத்தின் சேவை என்பது இதற்கு உத்தரவாதம் ஆகாது. 2008-இல் தொடங்கிய கூகுள் ஹெல்த் 2012-இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. 2007-இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஹெல்த்வால்ட் 2019 நவம்பரில் மூடப்பட்டது. இரண்டும் மனிதரின் மருத்துவ வரலாற்றை ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ளும் இடமாக முன்வைக்கப்பட்டவை. சர்க்கரை நோய் முப்பது ஆண்டு இருக்கும். அதன் கணக்கை வைத்திருக்கும் செயலி பத்தாண்டு இருந்தாலே அதிகம்.

ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. தானே கைபேசியைச் சரளமாகக் கையாளுகிறவருக்கு: புளூடூத் உள்ள, துல்லியச் சோதனையில் தேறிய அழுத்தமானி, அதன் எண்கள் கைபேசியின் பெட்டகத்துக்குள் சேர வேண்டும், அங்கிருந்து படித்து ஒரு பக்க அறிக்கை தரும் ஒரே ஒரு சிறு செயலி. மருந்துச் சீட்டு நீளமாக இருந்து மறதியும் இருந்தால் மட்டும் நினைவூட்டும் செயலி இரண்டாவதாக வரலாம். பரிசோதனை முடிவுகளுக்கு மருத்துவமனையின் செயலி. பெருஞ்செயலி வேண்டியதில்லை. கைபேசியோடு மல்லுக்கட்டுகிற முதியவருக்கு: அழுத்தமானியும் அதன் பக்கத்தில் நோட்டுப்புத்தகமும், மாதம் ஒருமுறை வீட்டில் உள்ள ஒருவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை நவீனமற்றது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டு செயலிகளுக்கு இடையில் தடுமாறுகிறவர்கள் இரண்டையும் நிறுவி, கற்பனையான மூன்று அளவீடுகளை இட்டு, விமானப் பயன்முறையில் போட்டு மறுபடி திறந்து பார்க்கலாம். பிறகு அந்த மூன்றையும் ஒரு பி.டி.எஃப். ஆக எடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம். பெறுகிறவர் வேறு செயலி எதையும் நிறுவாமல் அதைத் திறந்து, பெயர், தேதி, நேரம், அலகு நான்கையும் படிக்க முடிந்தால் அந்தச் செயலியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். இதற்குக் கால் மணி நேரம் ஆகும்.